பாக்கெட்டுக்குள் பூச்சி: தூக்கிப்போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

கடையில் வாங்கிய பாக்கெட்டைப் பிரிக்கும்போதோ, பாதி சாப்பிட்ட பிறகோ உள்ளே ஒரு பூச்சி தெரிகிறது. உடனே கை போவது குப்பைத்தொட்டிப் பக்கம்தான். கண்ணுக்கு முன்னால் இருந்து அது ஒழிந்தால் போதும் என்று இருக்கும். பூச்சியும் கவரும் பில்லும் சேர்ந்து குப்பைக்குப் போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துக் கோபம் வரும்போது கையில் எதுவும் இருக்காது. கடைக்காரர் "எங்கள் கடையில் இப்படி வந்ததே இல்லையே" என்பார். கம்பெனி பேட்ச் எண்ணைக் கேட்கும். அந்த எண் கிழித்தெறிந்த கவரில் இருந்தது.

இந்த விஷயத்தில் எல்லோரும் கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்: பூச்சி எங்கே நுழைந்தது? வயலிலா, ஆலையிலா, கிடங்கிலா, லாரியிலா, கடை அலமாரியிலா, நம் சமையலறையிலா? யார் பொறுப்பு, அதே பேட்சில் வந்த மற்ற பாக்கெட்டுகளைத் திரும்பப் பெற வேண்டுமா, நமக்கு என்ன கிடைக்கும் என்பதெல்லாம் அதற்கான பதிலைப் பொறுத்தவை. அந்தப் பதிலுக்கான தடயங்கள் பெரும்பாலும் அந்தப் பூச்சியிலும் அந்தக் கவரிலும்தான் இருக்கின்றன. ஆகவே எதையும் எறிய வேண்டாம். சாப்பிடுவதை மட்டும் நிறுத்துங்கள்.

விழுங்கிவிட்டால் என்ன ஆகும்?

அரிசி, மாவு, பருப்பு, உலர் பழம், பிஸ்கட் போன்ற உலர் உணவுகளில் வாழும் வண்டுகளும் அந்துப்பூச்சிகளும் பொதுவாக மனிதருக்கு நோய் பரப்புபவை அல்ல. உணவுப் பொருளிலேயே பிறந்து அதையே தின்று வளர்பவை அவை. கடிப்பதும் கொட்டுவதும் இல்லை. ஒன்றிரண்டைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் வயிறு மற்ற உணவைப் போல அதையும் செரித்துவிடும். விரலை விட்டு வாந்தி எடுக்க வேண்டியதில்லை. அதனால் தொண்டைக்குத்தான் கெடுதல்.

ஆனாலும் குமட்டும். 1986-இல் பால் ரோசின் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிருமி நீக்கப்பட்ட செத்த கரப்பான் ஒன்றைப் பழச்சாற்றில் ஒரு முறை தோய்த்து எடுத்துவிட்டு, அந்தச் சாறு எந்த அளவுக்குப் பிடிக்கிறது என்று கேட்டார்கள். கரப்பானில் கிருமி இல்லை என்று சொல்லியும் சாற்றின் மீதிருந்த விருப்பம் அடியோடு சரிந்துவிட்டது. அருவருப்பும் ஆபத்தும் வெவ்வேறு என்று மூளைக்குத் தெரிந்தாலும் நாக்கு ஒப்புக்கொள்வதில்லை. இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம். அருவருப்புக்காகப் புகார் கொடுப்பதும் நியாயமான புகார்தான். உடல்நலம் கெடும் என்று பயந்து தூக்கத்தைத் தொலைப்பது மட்டும் தேவையில்லாதது.

விதிவிலக்குகளும் உண்டு, அவற்றைத் தெரிந்துகொள்வது அவசியம். கரப்பானும் ஈயும் வேறு ரகம். சாக்கடையிலும் கழிவிலும் உட்கார்ந்துவிட்டு உணவுக்கு வருபவை அவை. சால்மோனெல்லா உள்ளிட்ட கிருமிகளைக் காலிலும் உடலிலும் சுமந்து வரக்கூடியவை. சமைத்த, ஈரமான, சூடாக்காமல் அப்படியே சாப்பிடும் உணவில் இவை கிடந்தால் அந்த உணவை ஓரம் கட்டிவிட வேண்டும். பூச்சியை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைச் சாப்பிடக் கூடாது. இறைச்சியிலோ மீனிலோ புழு நெளிந்தால், ஈ வந்து முட்டையிடும் அளவுக்கு அது திறந்து கிடந்திருக்கிறது என்று பொருள். அங்கே புழுவைவிட, அந்த நேரத்தில் பெருகியிருக்கும் பாக்டீரியாதான் கவலைக்குரியது.

ஒவ்வாமை இரண்டாவது விதிவிலக்கு. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவர்களின் உடல் எதிர்க்கும் முக்கியப் புரதங்களில் ஒன்று டிரோபோமயோசின். அதன் நெருங்கிய வடிவம் பூச்சிகளின் தசையிலும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2021-இல் ஒரு வண்டின் புழுவை உணவாக விற்க அனுமதித்தபோது, இறால், நண்டு போன்ற ஓட்டுடலி உயிரினங்களும் தூசு உண்ணியும் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது ஒவ்வாமை தரலாம் என்று லேபிளில் அச்சிட வேண்டும் என நிபந்தனை விதித்தது இதனால்தான். பழைய மாவில் கண்ணுக்குத் தெரியாமல் பெருகும் உண்ணிகளால் கடுமையான ஒவ்வாமை ஏற்பட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கினாலோ, தோலில் தடிப்பு வந்தாலோ, மூச்சு திணறினாலோ பூச்சி ஆராய்ச்சியை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாந்தி, பேதி, காய்ச்சல் என்றாலும் மருத்துவரிடம் காட்டி, எதைச் சாப்பிட்டோம் என்பதையும் சொல்லிச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் புகாருக்கு அந்தச் சீட்டு உதவும்.

மூன்றாவதாக, ஒரு பூச்சி இருப்பதும் கூட்டமே குடியிருப்பதும் ஒன்றல்ல. சிவப்பு மாவு வண்டு பெருகினால் அதன் உடலில் சுரக்கும் குயினோன் என்னும் வேதிப்பொருள் மாவில் கலந்து, இளஞ்சிவப்பு நிறத்தையும் காரமான கெட்ட வாடையையும் கொடுக்கும். தானியக் கிடங்குகளைப் பாழாக்கும் காப்ரா வண்டின் புழு உதிர்க்கும் நுண்ணிய முட்கள் தொண்டையையும் குடலையும் உறுத்தும். வாடையடிக்கும், கட்டி கட்டியாக இருக்கும், நூலாம்படை படிந்த மாவைச் சலித்துப் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம்.

உள்ளே வரும் வழிகள்

அரிசி வண்டைப் பாருங்கள். பெண் வண்டு தன் நீண்ட மூக்கால் ஒரு தானியத்தில் சிறு குழி தோண்டி, அதில் ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒரு சுரப்பால் வாயை மூடிவிடும். வெளியே பார்த்தால் தானியம் முழுசாகத்தான் தெரியும். புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாக மாறிய பிறகுதான் துளையிட்டு வெளியே வரும். வெப்பமான காலத்தில் இதற்குச் சுமார் ஒரு மாதம் ஆகும். ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் முந்நூறு முட்டைகளுக்கு மேல் இடக்கூடியது. பயறு வண்டின் கதையும் ஏறக்குறைய இதுதான், அது முட்டையைப் பயறின் மேலேயே ஒட்டிவைக்கும். ஆக, பாக்கெட் போட்ட அன்று எந்தக் கண்ணுக்கும் படாத முட்டை, நம் வீட்டு அலமாரியில் வண்டாக வெளியே வரலாம். பொய் சொன்னவர் யாரும் இல்லாமலேயே இது நடந்துவிடும்.

பாக்கெட் ஆன பிறகு நுழைபவை வேறு. இவற்றைப் பூச்சியியலாளர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். சில பூச்சிகள் கவரையே கடித்துத் துளைத்து உள்ளே போகும். சிகரெட் வண்டு, சிறு தானியத் துளைப்பான் வண்டு, உலர் பொருள்களைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழு ஆகியவை இந்த வகை. காகிதமும் மெல்லிய பிளாஸ்டிக்கும் இவற்றுக்குப் பெரிய தடை அல்ல. மற்றவை துளையிட வலுவில்லாதவை. ஏற்கெனவே இருக்கும் ஓட்டை, சரியாக ஒட்டாத மடிப்பு, தையல் போட்ட மூட்டையின் ஊசித் துளை வழியாக நுழையும். சிவப்பு மாவு வண்டு இந்த இரண்டாம் வகை. சாக்லேட்டில் புழு வந்ததாகக் கேள்விப்படும்போது பலர் தொழிற்சாலையைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் சாக்லேட்டின் உறை பல இடங்களில் மடிப்பாக மட்டுமே இருக்கும். கிடங்கிலோ கடையிலோ பக்கத்தில் பழைய தானிய மூட்டை ஒன்று இருந்தால், அதிலிருந்து கிளம்பும் பொடிப் புழு அந்த மடிப்புக்குள் நுழைவதற்கு எந்தச் சிரமமும் இல்லை.

ஆலைகளும் சும்மா இருப்பதில்லை. கிடங்கில் பாஸ்பைன் என்னும் பூச்சிகொல்லிப் புகை போடுகிறார்கள், சலிக்கிறார்கள். மாவு ஆலைகளில் மாவை அதிவேகமாகச் சுழலும் தட்டில் மோதவிட்டுப் பூச்சி முட்டைகளை உடைக்கும் இயந்திரம் ஒன்றும் உண்டு. ஆனால் கடைசிக் கட்டத்தில் இருக்கும் உலோகம் கண்டறியும் கருவிக்குப் பூச்சி தெரியாது. எக்ஸ்ரே கருவி அடர்த்தி வேறுபாட்டைத்தான் பார்க்கும். பூச்சியின் உடல் உணவின் அடர்த்திக்கு நெருக்கமாக இருப்பதால் அதிலும் பெரும்பாலும் தப்பிவிடும்.

அதனால்தான் சட்டங்களும் பூஜ்யம் என்று எழுதிவைப்பதில்லை. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இயற்கையாக வரும் குறைகளுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 50 கிராம் கோதுமை மாவில் சராசரியாக 75 பூச்சித் துணுக்குகள், 100 கிராம் சாக்லேட்டில் சராசரியாக 60, 100 கிராம் வேர்க்கடலை வெண்ணெயில் 30 என்ற அளவை எட்டினால் அரசு நடவடிக்கை எடுக்கலாம். துணுக்கு என்பது நுண்நோக்கியில் பார்த்து எண்ணும் பொடி. விளைச்சலை முழுக்கப் பூச்சியே இல்லாமல் தருவது நடைமுறையில் முடியாது என்று அந்த நிர்வாகமே வெளிப்படையாகச் சொல்கிறது. நாம் சாப்பிடும் எல்லா மாவிலும் ஏதோ ஓரளவு இருக்கத்தான் செய்கிறது. இதை நான் சொல்வது கம்பெனிக்கு வக்காலத்து வாங்குவதற்காக இல்லை. பொடித் துணுக்கு வேறு, கண்ணுக்குத் தெரியும் முழுப் பூச்சி வேறு. முழுப் பூச்சி தெரிந்தால் எங்கோ ஒரு கட்டத்தில் காவல் தவறியிருக்கிறது.

தோட்டத்திலிருந்து நேராக வரும் பொருள்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. கீரையில் அசுவினி, காலிபிளவரில் பச்சைப்புழு, பழத்துக்குள் புழு என்பவை வயலின் விளைவு. கழுவி, வெட்டி நீக்கிவிட்டுச் சாப்பிடலாம். கழுவித் தயாராக வைத்தது என்று எழுதி விற்ற கீரையில் இருந்தால் மட்டும் புகார் செய்யலாம், ஏனென்றால் கழுவும் பொறுப்பை அவர்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள்.

கவரைப் படிப்பது எப்படி

இனி தடயங்களுக்கு வருவோம். வெளிச்சமான இடத்தில் வெள்ளைத் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். எதையும் அசைப்பதற்கு முன் படம் எடுங்கள்: பூச்சி கிடக்கும் இடம், பாக்கெட்டின் முன்புறம், பின்புறம், தேதி, பேட்ச் எண். சில பாக்கெட்டுகளில் தயாரித்த மணி நிமிடம்கூட அச்சாகியிருக்கும்; அதுவும் படத்தில் தெரிய வேண்டும். பூச்சியின் பக்கத்தில் ஒரு நாணயத்தையோ அளவுகோலையோ வைத்து ஒரு படம் எடுத்தால் பார்ப்பவர்களுக்கு அளவு புரியும். அது பூச்சிதானா என்பதையும் பாருங்கள். கருகிய உமித் துண்டும் விதைத் தோலும் பல பேரை ஏமாற்றியிருக்கின்றன. கால்கள், உணர்கொம்பு, வளையம் வளையமான உடல் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் சந்தேகம் குறையும்.

உயிரோடு இருக்கிறதா? இந்த ஒரு கேள்வியே பாதி வழியைக் காட்டிவிடும். டின்னில் அடைத்த உணவு, சீல் வைத்த பிறகு உயர்ந்த வெப்பத்தில் கிருமி நீக்கப்படுவது. அமிலம் குறைந்த உணவுகளை ஏறத்தாழ 121 டிகிரி செல்சியஸில் வேகவைக்கிறார்கள். அதில் எந்தப் பூச்சியும் உயிரோடு இருக்க வழியில்லை. டின்னைத் திறந்தபோது உள்ளே பூச்சி நடமாடினால் டின்னில் கசிவு இருக்க வேண்டும், இல்லையென்றால் திறந்த பிறகு வந்திருக்க வேண்டும். அடுப்பில் வெந்த பிஸ்கட்டில் உயிருள்ள புழு இருந்தால் அதுவும் வெந்த பிறகு நுழைந்ததே. செத்துக் கிடந்தால் உணவோடு சேர்ந்து வெந்ததா என்று பாருங்கள். மாவுக்குள் பதிந்து, நிறம் மாறி, நொறுங்கும் நிலையில் இருந்தால் அது தயாரிப்பின்போதே உள்ளே இருந்ததற்கான அறிகுறி. மேற்பரப்பில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தால் அப்படிச் சொல்ல முடியாது.

அடுத்தது, தனியாக வந்ததா, குடும்பத்தோடு இருந்ததா? பாக்கெட்டின் மூலைகளில் உரித்துப்போட்ட தோல், எச்சம், நூலாம்படை, வெவ்வேறு அளவுப் புழுக்கள் என்று இருந்தால் ஒரு தலைமுறைக்கு மேல் உள்ளேயே வாழ்ந்திருக்கின்றன. பெரும்பாலான தானியப் பூச்சிகளுக்கு ஒரு தலைமுறை வெப்பமான சூழலில் சுமார் ஒரு மாதம்; குளிர்ந்தால் பல மாதங்கள் இழுக்கும்; ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றேவிடும். தயாரித்த தேதியிலிருந்தும் வாங்கிய தேதியிலிருந்தும் எண்ணிப் பாருங்கள். வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, உள்ளே புழு, கூட்டுப்புழு, வண்டு என மூன்று வளர்ச்சிப் பருவத்துப் பூச்சிகளும் இருக்கின்றன என்றால், நம் வீட்டில் வந்தது என்று யாரும் சொல்ல முடியாது. மாறாக, பாக்கெட் நம் வீட்டில் திறந்தபடி மூன்று மாதம் இருந்திருந்தால் நாமும் நேர்மையாக நம் அலமாரியைச் சந்தேகப்படத்தான் வேண்டும்.

கவரில் ஓட்டை இருந்தால் அது பொக்கிஷம். பூச்சி எந்தப் பக்கத்திலிருந்து கடிக்க ஆரம்பித்ததோ அந்தப் பக்கத்தில் துளை அகலமாகவும், சுற்றிலும் பிறாண்டிய கீறல்களோடும் இருக்கும். வெளியேறிய பக்கத்தில் குறுகலாக இருக்கும். பூதக்கண்ணாடி வைத்தால் வீட்டிலேயே ஓரளவு தெரியும், ஆய்வகத்தில் நன்றாகவே தெரியும். உள்ளிருந்து வெளியே துளைத்திருந்தால் பாக்கெட் போடும்போதே முட்டையோ புழுவோ உள்ளே இருந்திருக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து உள்ளே என்றால் கிடங்கு, லாரி, கடை, வீடு ஆகியவற்றில் ஒன்று. ஓட்டையே இல்லாமல் ஓர் ஓரத்தில் சீல் பிரிந்திருந்தால் அது பாக்கெட் போடும் இயந்திரத்தின் கோளாறாக இருக்கலாம். இதனால்தான் கவரைக் கிழித்து எறியக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். பூச்சியைவிடக் கவர்தான் அதிகம் பேசும்.

பத்திரப்படுத்துவது

பூச்சியையும் அதைச் சுற்றியிருந்த உணவில் கொஞ்சத்தையும் மூடி இறுக்கமான சிறு டப்பாவில் போடுங்கள். மீதி உணவை அதன் கவரோடு சேர்த்துப் பெரிய ஜிப் பையில் வைத்து, தேதி எழுதி ஒட்டுங்கள். கெட்டுப்போகும் உணவென்றால் ஃபிரீசரில் வையுங்கள். உயிருள்ள பூச்சியையும் அப்படியே ஃபிரீசரில் வைக்கலாம், செத்துவிடும், உடல் கெடாது. நசுக்காதீர்கள், கழுவாதீர்கள், டேப்பில் ஒட்டாதீர்கள், எந்த மருந்தையும் அடிக்காதீர்கள். சூடாக்கவே கூடாது.

சூடாக்கக் கூடாது என்பதற்கு முக்கியமான காரணம் இருக்கிறது. பூச்சிகளின் உடலில் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்று ஒரு நொதி உண்டு. உணவு வேகும் அளவுக்கு வெப்பம் பட்டால் அது செயலிழந்துவிடும். ஆய்வகத்தில் பூச்சியை ஒரு வேதிப்பொருளோடு சேர்த்துப் பார்ப்பார்கள். நிறம் மாறினால் நொதி இன்னும் வேலை செய்கிறது, அதாவது அந்தப் பூச்சி வேகவில்லை, உணவு சூடான பிறகு வந்தது. நிறம் மாறவில்லை என்றால் வெந்திருக்கலாம். ஆனால் பூச்சி செத்து நாளாக நாளாக நொதி தானாகவும் குறையும். ஆகவே 'மாறவில்லை' என்ற முடிவை மட்டும் வைத்துக் கம்பெனிமேல் பழியைப் போட்டுவிட முடியாது, மற்றத் தடயங்களோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நாள் கடத்தாமல் புகார் கொடுக்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

கூடவே ஒரு தாளில் சில விவரங்களை எழுதி வையுங்கள்: எந்தக் கடை, என்ன தேதி, எப்போது திறந்தது, திறந்தபின் எங்கே எப்படி வைத்திருந்தது, எப்போது பூச்சி தெரிந்தது, யார் யார் சாப்பிட்டார்கள். ஞாபகத்தை நம்பினால் இரண்டு வாரத்தில் தேதி குழம்பிவிடும். பில் இல்லையென்றால் கார்டிலோ போனிலோ பணம் செலுத்திய பதிவு போதும்.

வீட்டு அலமாரி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஆனால் செய்யாமல் விடாதீர்கள். அந்தப் பாக்கெட்டின் பக்கத்தில் இருந்த தானியம், மாவு, கொட்டை வகை, மசாலா, செல்லப்பிராணி உணவு எல்லாவற்றையும் திறந்து பாருங்கள். பூச்சி உள்ளவற்றைப் புகாருக்கான மாதிரியைத் தவிர்த்து, பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போடுங்கள். அலமாரியின் இடுக்குகளையும் ஆணித் துளைகளையும் வேக்குவம் வைத்து உறிஞ்சி, சோப்பு நீரில் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். உணவு வைக்கும் அலமாரித் தட்டில் பூச்சிமருந்து அடிப்பது பூச்சியைவிட மோசம். அந்துப்பூச்சியின் புழு கூடு கட்டுவதற்காக உணவை விட்டு வெளியேறிக் கூரை மூலை வரைக்கும் ஊர்ந்து போகும்; அங்கேயும் பாருங்கள். சந்தேகமான நல்ல பொருள்களை உறைநிலைக்குக் கீழ் 18 டிகிரியில் குறைந்தது நான்கு நாள் வைத்தால் முட்டையும் செத்துவிடும். பெரிய பாக்கெட் என்றால் ஒரு வாரம். அப்புறம் கண்ணாடி ஜாடியிலோ ரப்பர் வளையம் வைத்த டப்பாவிலோ போடலாம். கடையில் விற்கும் அந்துப்பூச்சிப் பொறிகள் ஆண் பூச்சிகளை மட்டுமே இழுக்கும். பூச்சி இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அவை நல்லவை, ஒழித்துக்கட்ட அவை போதாது.

யாரிடம் சொல்வது

ஓட்டலில் தட்டில் வந்தால் அங்கேயே, அப்போதே சொல்லுங்கள். தட்டை உள்ளே எடுத்துப் போகும் முன் படம் எடுத்துவிடுங்கள். கடையில் உதிரியாக வாங்கியது என்றால் கடைக்காரர்தான் முதல் ஆள். சீல் வைத்த பாக்கெட் என்றால் கடைக்கும் கம்பெனிக்கும் இருவருக்குமே தெரிவியுங்கள். பணத்தைத் திருப்பித் தருவது பெரும்பாலும் கடையோடு முடிந்துவிடும். தவறு எங்கே நடந்தது என்று தேடிப் பார்ப்பது கம்பெனியால்தான் முடியும். ஒழுங்காக நடக்கும் கம்பெனிகள் ஒவ்வொரு பேட்சிலிருந்தும் சில பாக்கெட்டுகளைத் தங்களிடமே எடுத்து வைத்திருக்கும். உங்கள் பேட்ச் எண்ணை வைத்து அதைத் திறந்து பார்ப்பார்கள், அன்று சலித்ததற்கும் புகை போட்டதற்குமான பதிவேடுகளைப் பார்ப்பார்கள், அதே எண்ணில் வேறு புகார் வந்திருக்கிறதா என்று தேடுவார்கள். ஒரு புகாரோடு நின்றால் அது தற்செயல். வெவ்வேறு ஊர்களிலிருந்து அதே எண்ணுக்குப் பத்துப் புகார்கள் வந்தால் அந்தப் பேட்சே திரும்பப் பெறப்படலாம். வீட்டிலேயே புலம்பிவிட்டு எறிந்துவிடுகிறவர்கள் இந்தக் கணக்கில் சேர்வதில்லை. இதுதான் என்னை உறுத்தும் விஷயம்: நாம் எறிந்த பாக்கெட்டின் எண்ணிலேயே இன்னொரு பாக்கெட், கைக்குழந்தை உள்ள ஒரு வீட்டின் அலமாரியில் இருக்கக்கூடும்.

குழந்தை உணவு, நோயாளிகளுக்கான உணவு, உடல்நலம் பாதித்த சம்பவம், கரப்பான் அல்லது ஈ, ஒரே கடையில் மறுபடி மறுபடி வருவது ஆகியவற்றில் ஏதாவது ஒன்றாக இருந்தால் கம்பெனியின் பதிலுக்குக் காத்திருக்காமல் உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் நேராகப் புகார் கொடுங்கள். அரிசியில் ஒரே ஒரு வண்டு என்றால் கடையில் மாற்றிக்கொண்டு, கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும் என்பது என் கருத்து. எல்லாவற்றுக்கும் ஒரே சத்தம் போட்டால் உண்மையிலேயே ஆபத்தான புகார் கூட்டத்தில் காணாமல் போகும்.

கம்பெனி மாதிரியைக் கேட்கும். முழுவதையும் கொடுத்துவிட வேண்டாம். இருப்பது ஒரே பூச்சி என்றால் படங்களும் கவரின் ஒரு பகுதியும் மீதி உணவும் உங்களிடம் இருக்கட்டும். கொடுப்பதற்குக் கையெழுத்திட்ட ஒப்புகை வாங்குங்கள். துறைக்கும் புகார் செய்வதாக இருந்தால் முதலில் அவர்களிடம் காட்டிவிட்டு அப்புறம் கம்பெனியிடம் கொடுப்பது நல்லது.

இழப்பீடு என்றால்

1928 ஆகஸ்ட் 26 அன்று ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில் மே டோனஹ்யூ என்ற பெண்ணுக்கு அவருடைய தோழி இஞ்சிப் பானம் வாங்கிக் கொடுத்தார். உள்ளே இருப்பது தெரியாத கருத்த பாட்டில். பாதி குடித்தபின் மீதியை ஊற்றியபோது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுந்தது என்பது அவர் புகார். பொருளை வாங்கியவர் தோழி, எனவே டோனஹ்யூவுக்கு யாரோடும் ஒப்பந்தம் இல்லை; அந்தக் காலத்துச் சட்டப்படி தயாரித்தவரிடம் அவர் எதுவும் கேட்க முடியாது. வழக்கு, அந்நாளில் பிரிட்டனின் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரைக்கும் போனது. 1932 மே 26 அன்று மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: பொருளைத் தயாரிப்பவர், வாங்கியவரோடு நிற்காமல் கடைசியில் அதைப் பயன்படுத்துகிறவர் வரைக்கும் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர். உலகின் பல நாடுகளில் நுகர்வோர் கேட்கும் இழப்பீட்டுக்கு வேர் இந்தத் தீர்ப்புதான். ஆனால் பாட்டிலில் நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் நிரூபிக்கப்படவில்லை. சட்டக் கேள்வி முடிவான பிறகு, சாட்சி விசாரணை நடப்பதற்கு முன்பே வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது. எல்லோருக்கும் அந்த வசதி கிடைக்காது; நம்மிடம் நத்தையையே காட்டச் சொல்வார்கள்.

மறுபக்கமும் உண்டு. கனடாவில் ஒருவர் வீட்டுக்கு வந்த குடிநீர்க் கேனில், அதைத் திறப்பதற்கு முன்பே, செத்த ஈ ஒன்றையும் இன்னொன்றின் பகுதியையும் பார்த்தார். குடிக்கவில்லை. பார்த்ததாலேயே கடும் மன உளைச்சலுக்கு ஆளானார், மருத்துவர்களும் அதை உறுதி செய்தார்கள். கீழ் நீதிமன்றம் பெரிய தொகை கொடுத்தது. 2008-இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது. கம்பெனிக்குக் கடமை இருந்தது, அதில் தவறியதும் உண்மை, அவருடைய துன்பமும் உண்மை. ஆனால் சாதாரண மன உறுதி உள்ள ஒருவருக்கு ஈயைப் பார்த்து இவ்வளவு பாதிப்பு வரும் என்று முன்கூட்டி எதிர்பார்க்க முடியாது என்றது. பூச்சியைப் பார்த்த அதிர்ச்சிக்கு மட்டும் பெரிய பணம் எதிர்பார்ப்பவர்கள் இந்தத் தீர்ப்பை மனத்தில் வைப்பது நல்லது. பொருளின் விலை, மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாள்களின் சம்பளம் ஆகியவற்றுக்குப் பில்லோடு கேட்டால் நியாயம் நம் பக்கம் உறுதியாக நிற்கும்.

ஆனால் எச்சரிக்கை ஒன்று. "இவ்வளவு தராவிட்டால் வீடியோவைப் போட்டுவிடுவேன்" என்று ஒருபோதும் எழுதாதீர்கள். உண்மையான புகாரும் அந்த ஒரு வரியால் மிரட்டல் வழக்காக மாறிவிடலாம். பொதுவெளியில் பதிவு போட வேண்டும் என்று தோன்றினால், பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: இந்தப் பாக்கெட், இந்தப் பேட்ச், இந்தத் தேதி, உள்ளே இது. "இவர்கள் விஷத்தை விற்கிறார்கள்" என்பது நாம் பார்த்தது அல்ல, நாம் முடிவு கட்டியது. அதை நிரூபிக்கும் பொறுப்பும் நம் தலையில் வந்து சேரும்.

கம்பெனியின் பதில் வரும்போது பரிசுக் கூப்பனைப் பார்க்காமல் கடிதத்தைப் படியுங்கள். "எங்கள் தயாரிப்பு முறை உயர்ந்த தரமுடையது, இது எங்களிடம் நேர்ந்திருக்க வாய்ப்பில்லை" என்று மட்டும் இருந்தால் அது பதில் இல்லை. பூச்சி எந்த வகை என்று கண்டார்கள், வெப்பம் பட்டதா என்று சோதித்தார்களா, அந்தப் பேட்சில் எடுத்து வைத்த பாக்கெட்டைத் திறந்தார்களா, அதில் என்ன இருந்தது, வேறு புகார்கள் வந்தனவா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் நியாயமாக இருந்தால், நம் வீட்டில்தான் வந்தது என்று சொன்னால்கூட, ஏற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் அந்தக் கடிதத்தின் நகலையும் சேர்த்து, படங்கள், பில், ஒப்புகைச் சீட்டோடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கும் நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கும் அனுப்புங்கள். அவர்கள் முடிவு சொல்லும் வரை ஃபிரீசரில் இருக்கும் டப்பாவை எடுக்காதீர்கள்.